உன் பழைய டிவி பாக்ஸில் டாங்கி ஓடுகிறது

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நேற்றே போனில் கேட்டாயிற்று, நீயும் நலம் என்றாய், நானும் நலம் என்றேன், அதனால் அதை விட்டுவிடுகிறேன். இது போனில் சொல்ல முடியாத விஷயம். மூன்று தடவை வாயெடுத்தேன். நீ “அப்புறம்ப்பா?” என்றதும் “அப்புறம் ஒண்ணுமில்ல” என்று வைத்துவிட்டேன். கேட்பவன் அவசரப்பட்டால் சொல்பவனுக்கு வசதியாகப் போய்விடுகிறது. அதனால்தான் கடைக்குப் போய் வெள்ளைத் தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிஜிஸ்டர் எழுதிய கை இது, கடிதம் எழுதி வெகு காலமாகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் அம்மாவிடமும் கொடு. அவளும் படிக்க வேண்டியதுதான்.

அம்மா அங்கே வந்த புதிதில் நீ எனக்கு ஒரு டிவி பாக்ஸ் அனுப்பினாயே, சோப்பு டப்பா மாதிரி கறுப்பாக, நினைவிருக்கிறதா? பாப்பா பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெங்களூருக்கு வந்தவள் அவள். ஆறு வருடம் ஆகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. உன் மனைவியும் நீயும் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையை யார் பார்ப்பது? நான் இங்கே சூலக்கரைப் பக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டும் திறந்துகொண்டும் கிடக்கிறேன். உங்களை எல்லாம் வீடியோ காலில் பெரிய திரையில் பார்க்கட்டும் என்று அந்தப் பாக்ஸை அனுப்பினாய். நாலு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பாப்பாவின் வாய் முதலில் அசையும், பேச்சு பிறகு வரும் என்றானது. கடைசியில் இந்தப் பெட்டியில் இனி இது ஓடாது என்று திரையிலேயே எழுதிவிட்டது. நீ புது டிவி வாங்கி அனுப்பிவிட்டாய். பழைய பாக்ஸ் அலமாரி மேல் ஏறியது.

எனக்குத்தான் எதையும் தூக்கிப் போட மனசு வராதே. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் சையது பாயிடம் போனேன். உன் வயதுதான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத எதுக்கு அண்ணாச்சி தூக்கிப் போடப் போறீக? உள்ள சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஒரு மெமரி கார்டு போட்டா பழைய வீடியோ கேம் பெட்டியா மாத்திரலாம்” என்றார். மாற்றி என்ன செய்ய என்று கேட்டேன். கடை மூலையில் அவர் தனக்கென்று அப்படி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். அதைப் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரை, செங்கல் சுவர்கள், நடுவில் ஒரு சின்ன டாங்கி. ஆட்டம் தொடங்குமுன் ஒரு குட்டி மெட்டு வந்தது பார், இன்னொரு தடவை போடச் சொன்னேன். நீ கோடை லீவு முழுக்க விளையாடிய அதே ஆட்டம். வெளியே வேலையாக நின்றால்கூட ஜன்னல் வழியாக அந்த மெட்டு கேட்கும். செய்து கொடுங்கள் பாய் என்றேன். பேத்திக்கா என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் எனக்குப் பழக்கம்தானே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பாக்ஸின் அடியில் ரப்பர் கால்களைப் பிய்த்தால் ஸ்க்ரூ இருக்கிறது. திறந்து, உள்ளே சிப்பின் மேல் எழுதியிருக்கும் நம்பரைப் பார்க்க வேண்டுமாம். அந்த நம்பருக்கு ஏற்ற ஃபைலைத்தான் கார்டில் ஏற்ற முடியும், மாறினால் திரை கறுப்பாகவே கிடக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே கை வைக்கப் போனேன். அதற்கு முன்னால் என் கை தன்பாட்டில் போய்க் கடையின் இரும்பு ஷட்டரைத் தொட்டுவிட்டு வந்தது. ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிற யாரும் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பிலிருக்கிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதற்காக. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் கை விடவில்லை. சையது பாய் முதலில் சிரித்தார், அப்புறம், “நீக செஞ்சதுதான் சரி அண்ணாச்சி, நாங்கதான் சோம்பேறித்தனத்துல செய்றதில்ல” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கார்டை எழுதிக் கொடுத்து, முதல் தடவை கிளப்பும் வித்தையைச் சொல்லி அனுப்பினார். பாக்ஸின் பின்னால் ஆடியோ வயர் சொருகும் ஓட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டன் இருக்கிறது. பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு அதை அமுக்கிக்கொண்டே, இன்னொரு கையால் கரண்டைக் கொடுத்து, படம் வரும்வரை குச்சியை விடக்கூடாது. கேட்க ரொம்ப லேசு. வீட்டில் உட்கார்ந்து செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பெட்டியைப் பிடிக்க ஒரு கை, குச்சிக்கு ஒரு கை, பிளக்குக்கு ஒரு கை, ஆக மூன்று கை வேண்டும். “இந்தா, இதக் கொஞ்சம் பிடி” என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடலாம், வீடியோ கேமுக்காக அறுபத்தாறு வயது மனுஷன் கூப்பிட்டான் என்று நாளைக்குத் தெருவே பேசும். நாலு தடவை குச்சி நழுவியது. அந்தப் பிற்பகலில் எனக்கு வந்த அழுகையை நான் யாரிடமும் சொன்னதில்லை. தனியாக இருப்பது சாப்பாட்டிலோ தூக்கத்திலோ அவ்வளவு தெரியாது தம்பி, இப்படி அற்பமான ஒரு வேலையில் தெரிந்துவிடும். கடைசியில் பெட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு செய்து முடித்தேன். படம் வந்தது.

விளையாடக் கைப்பிடிகள் ஜோடியாகத்தான் விற்கிறார்களாம், அதனால் இரண்டு வாங்கினேன். சும்மா இருக்கிறதே என்று இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தைப் போட்டேன். ஒரு மூலையில் என் டாங்கி, அடுத்த மூலையில் யாரும் ஓட்டாத டாங்கி. அது பாவம், நின்ற இடத்திலேயே அடி வாங்கிச் செத்துப் போகிறது. இரண்டு தொடையிலும் இரண்டு கைப்பிடியையும் வைத்து மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தேன், இரண்டு டாங்கியும் போனது. சிரிக்காதே. காலையில் எண்ணெய்ப் பசை போகக் கையைக் கழுவிக்கொண்டு பயபக்தியோடு விளையாடுகிறேன். மூன்றாவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் இது எப்படி வந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. அப்போது ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் இரண்டு மணி நேரம் விடாமல் ஆடினேன். பாக்ஸ் சூடாகியிருக்குமே என்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். என் உள்ளங்கையைப் பற்றி உனக்குத் தெரியும். சரவெடி காயப்போடுகிற சிமெண்ட் மேடையில் கையை வைத்து, இன்னும் போடலாமா, எடுத்துவிடலாமா என்று சொல்லுவேன், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். வாய் எதையும் சொல்லும், கை பொய் சொல்லாது. அந்த வெதுவெதுப்பு கையில் பட்டதும் எனக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கும் இதே கையால்தான் தொட்டுப் பார்த்தேன்.

உன் மாமா மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த கேசட் டிவி கேம். அதற்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரிந்த கதை இது: அடாப்டர் கொதித்தது, கருகல் வாடை அடித்தது, வேலையிலிருந்து வந்த அப்பா பார்த்துப் பிடுங்கி, முற்றத்துத் தண்ணீர் டிரம்மில் போட்டு, வீட்டையும் உன்னையும் காப்பாற்றினார். கம்பெனியில் கழிவு மருந்தையும் சரியாக அமையாத வெடியையும் சாயங்காலம் தண்ணீரில் போட்டுத்தான் சாகடிப்போம், அதனால் தண்ணீரில் போட்டது யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. தீ விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். இந்த ஊரில் தீ என்று ஒருவன் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்காமல் இருக்க இங்கே எத்தனையோ வீடுகளில் காரணம் இருக்கிறது.

நடந்தது வேறு. அன்று காலை கம்பெனிக்குச் சோதனைக்கு அதிகாரி வந்தார். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, உட்கார வை என்று சொன்னவர் முதலாளிதான். அதிகாரி முன்னால் அவரே என்னைப் பார்த்து, “யாரக் கேட்டுலே ஆறு பேர உக்கார வச்ச?” என்றார். அறையிலிருந்த பொம்பளையாட்கள் எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு, தப்புத்தான் ஐயா என்றேன். உண்மையிலேயே தப்புத்தான், அவர் சொன்னாலும் நான் உட்கார வைத்திருக்கக்கூடாது. ஆனால் எனக்கு அன்று உறுத்தியது அது இல்லை, அந்த ‘லே’தான். வேனில் வரும் வழியெல்லாம் அது காதில் ஓடியது. வீட்டுக்குள் நுழைந்தேன். நீ டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாய். நான் வந்ததற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கும்போது அடாப்டர் என் உள்ளங்கைக்குள் இருந்தது. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கை அப்போதே எனக்குச் சொல்லிவிட்டது. தெரிந்துதான் தண்ணீரில் போட்டேன். அது குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை, பிள்ளையின் பெட்டியை முக்கிக் கொல்கிற வீரம் மட்டும் இருந்தது. நீ அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான், “தீப்பிடிச்சிருக்கும்லே, வீடே போயிருக்கும்” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? “நான்தாம்ப்பா ரொம்ப நேரம் போட்டுட்டேன். இனிமே செய்ய மாட்டேன்” என்றாய். அந்த நிமிஷமே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்தான். அது வாயை விட்டு வரவில்லை.

அம்மா பதறிப்போய் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தாளே என்று ஆடி வெள்ளிக்கிழமை கூட்டிப்போய் உனக்கு மொட்டை போட்டாள். பன்னிரண்டு வயதுப் பையன், பள்ளிக்கூடத்தில் தலையைத் தட்டித் தட்டிக் கேலி செய்தார்கள், ஒரு வாரம் தொப்பி போட்டுக்கொண்டு போனாய். நடக்காத ஆபத்துக்கு முடி கொடுத்த பிள்ளை ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். ஆத்தாவின் சந்நிதியிலேயே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ தூங்கிவிட்டாய். அம்மா என் பக்கம் சாய்ந்து, “நெசமாவே சூடாத்தான் இருந்துச்சா?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, அப்போ நான் பொய் சொல்கிறேனா என்று நாலு பேருக்குக் கேட்கும்படி கத்தினேன். அதன் பிறகு அவள் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பொய் எனக்கு நன்றாகவே சம்பாதித்துக் கொடுத்தது. பணத்தைச் சொல்லவில்லை, உன் கண்ணில் எனக்குக் கிடைத்த இடத்தைச் சொல்கிறேன். கட்டுரைப் போட்டியில் ‘என் தந்தை’ என்று அதைத்தான் எழுதினாய். காலேஜ் ஹாஸ்டலில் எல்லார் சார்ஜரையும் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பாய் என்று உன் கூட்டாளிகள் உன் கல்யாணத்தில் கேலி பேசினார்கள். நீ என் தோளில் கை போட்டு, எங்கப்பா இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை என்று சம்பந்தி வீட்டார் முன்னால் கதையை முழுசாகச் சொன்னாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சந்தனம் காய்ந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றேன். போன பொங்கலுக்கு வரும்போது ஓசூர் தாண்டியவன், டிவி பிளக்கைப் பிடுங்கினோமா என்று சந்தேகம் வந்து காரைத் திருப்பிக்கொண்டு போனாயாம். உன் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூருக்கு வாங்கப்பா, அம்மாவும் நீங்களும் சேர்ந்தே இருங்க என்று வருஷத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிறாய். வெயில் போதாது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வீட்டை யார் பார்ப்பது என்று ஏதாவது சொல்லித் தட்டிவிடுகிறேன். உண்மைக் காரணம் கேள். வந்த இரண்டு தடவையும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நீ அந்தக் கதையைச் சொன்னாய். அவர்கள் முன்னால் நான் அந்த மனுஷனாக உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நடிப்புக்கு இங்கே ஒற்றை ஆளாகச் சோறு பொங்கித் தின்பது மேல் என்று தோன்றியது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, பேச ஆளில்லாமல் கிடைத்தது.

இதை எல்லாம் என்னோடு கொண்டுபோய்விடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோ காலில் பாப்பா எனக்குத் தன் டேப்லெட்டில் வரைந்த மயிலைக் காட்டிக்கொண்டிருந்தாள். நீ ஆபீஸிலிருந்து வந்தாய். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, யாரோ உன்னை ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்குத் தெரியாதா அந்த முகம்? அவள் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டேப்லெட்டைப் பிடுங்கினாய். அவள் அழுததும், “சூடாகுது, வெடிச்சிரும்” என்றாய். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போன் பக்கம் திரும்பி, “தாத்தா பட்டாசுக் கம்பெனியில இருந்தவுக, கேட்டுப் பாரு. சொல்லுங்கப்பா” என்றாய். நான், “ஆமா பாப்பா, அப்பா சொல்றது சரிதான்” என்றேன். என் வாய்தான் சொன்னது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னிடம் சாரி சொன்னாள்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. உனக்கு நிஜமாகவே பயமாக இருந்திருக்கலாம். கோபம் எது, பயம் எது என்று உனக்கே தெரியாதபடி இரண்டையும் ஒன்றாக்கி உனக்குள் வைத்தவன் நான். ஆனால் நான் பார்த்தேன், நீ அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொடுமுன்பே பிடுங்கிவிட்டாய். கோபம் வந்தால் வரட்டும், அப்பாவுக்கு இன்றைக்குக் கோபம், கொஞ்ச நேரம் விளையாடாதே என்று அவளிடம் நேராகச் சொல்லு. கோபக்கார அப்பனைப் பிள்ளைகள் மன்னித்துவிடும். பிள்ளைமேல் பழியைப் போட்டுவிட்டுக் கும்பிடு வாங்கிக்கொள்கிற அப்பனுக்குத்தான் போக்கிடம் இல்லை. அவளை உட்கார வைத்து, அது சூடாகவில்லை, அப்பா சொன்னது தப்பு, தாத்தா சொன்னதும் தப்பு என்று சொல்லிவிடு. ஆறு வயதில் சொன்னால் அடுத்த நாளே மறந்துவிடுவாள்.

உன்னைப் படிக்க வைத்தது அம்மாவின் பிடிவாதம். வேலை உன் மூளையால் வந்தது. அப்பா உனக்குச் செய்தது என்று நீ ஊரெல்லாம் சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் இப்போது எடுத்துவிட்டேன், இனி உன்னிடம் எனக்கு என்ன மிச்சம் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஆனாலும் இத்தனை வருடமாக நீ உன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே தூங்கப் போகிறாயே, அதை நினைத்தால் என் பயம் பெரிதாகத் தெரியவில்லை.

நான் சுற்றி வளைத்து எழுதியதில் எதுவும் விட்டுப்போயிருக்கக்கூடாது. அதனால் நேராகவே எழுதுகிறேன். அடாப்டர் கொதிக்கவில்லை. கருகல் வாடை வரவில்லை. நம் வீடு தீப்பிடிக்க இருக்கவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை தம்பி. பள்ளிக்கூட லீவு, நீ விளையாடிக்கொண்டிருந்தாய். அம்புட்டுத்தான்.

அப்பா